கடைசி ஓட்டு

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அந்தக் காலத்தில் யாருக்கு ஓட்டு என்பதை ஊரறிய வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சட்டசபைத் தேர்தலில் வக்கீல் டன்லப்புக்கு 412, பண்ணையார் பார்ட்டனுக்கும் 412. நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில், நீதிமன்ற வாசலில் சேறு படிந்த குதிரையிலிருந்து ஒருவர் இறங்கினார்.

ஓட்டுகளை எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா நேதன் பேனாவை மையில் தோய்த்தான். ஊருக்குப் புதியவன் என்பதால் அவனுக்கு ஓட்டில்லை. ஆனால் ஏழைகளின் நிலத்தைக் பீஸ் வாங்காமல் வாதாடி மீட்டுத் தந்த டன்லப்தான் ஜெயிக்க வேண்டுமென்று, அவர் முகத்தைப் பார்க்காமலே ஆசைப்பட்டான்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கய்யா. எல்லாம் உங்க கையிலதான் இருக்கு.”

“எழுதறது மட்டும்தாண்டா உன் வேலை!” என்று தேர்தலை நடத்திய ஷெரீப் அதட்டினார்.

“பார்ட்டன்” என்றார் வந்தவர், கணீரென்று.

யாரும் கைதட்டவில்லை. பார்ட்டனின் ஆட்கள்கூடத் தொப்பியைக் கழற்றினார்கள். நேதனுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

“ஊருக்கு உழைச்ச மனுஷனைக் கவுத்துட்டீங்களே! சரி, உங்க பேரைச் சொல்லுங்க.”

“எலைஜா டன்லப்.”

நேதனின் பேனா அப்படியே நின்றுவிட்டது.

“ஐயோ! நீங்க வராம இருந்திருந்தாக்கூடச் சமமா நின்னிருக்குமே ஐயா!”

“எதிர்த்து நிக்கிறவருக்கு ஓட்டுப் போடறதுதான் இங்க மரியாதை தம்பி. காலையில பார்ட்டன் எனக்குப் போட்டுட்டாரு. பதவிக்காக நான் ஒளிஞ்சுக்கவா?”