பெரிய வியாழன் பெஞ்சு

கோயில் நோட்டீஸ் போர்டில் என் பெயர் இல்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. எங்கள் தெருவுக்கு நேராக ‘இன்னாசி’ என்று எழுதியிருந்தது.

இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழன் மாலைப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவிவிடுவார். பொன்மலைப்பட்டியில் எங்கள் கோயிலில் தெருவுக்கு ஓர் ஆள். பதினொரு வருஷமாக எங்கள் தெருவுக்கு நான்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு பீடத்துக்கு முன்னால் பெஞ்சில் உட்காருவேன்.

போவதற்கு முன் வீட்டிலேயே காலைச் சோப்புப் போட்டு, கல்லில் தேய்த்து, நகமும் வெட்டிக்கொள்வேன். பன்னிரண்டு பேரும் அப்படித்தான். அழுக்குக் காலைச் சாமியார் கையில் கொடுக்க முடியுமா?

இந்த வருஷம் தெருவுக்குத் தலைவர் ஆனது இன்னாசி. ஆனதும் முதல் வேலையாகத் தன் பெயரையே கொடுத்துவிட்டார்.

யார் இந்த இன்னாசி? ஒன்பது வருஷத்துக்கு முன் என் மகள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, பிரியாணியில் பீஸைக் காணோமே என்று நாலு பேர் கேட்கச் சொன்னவர். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இரண்டு பேருக்கும் ஒரே ஷெட். ரிட்டயர் ஆகும்வரை பக்கத்தில் நின்றேனே தவிர, வாய் திறக்கவில்லை.

பேச்சு இல்லாததால் இப்போது நேரில் போய்க் கேட்கவும் வழியில்லை. மணியடித்து, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் விசாரிக்கலாம் என்றால் அவரோடும் எனக்குப் பேச்சு கிடையாது. அது வேறு விஷயம்.

சாமியாரிடமே போனேன். சின்ன வயசுக்காரர், உப்பிலியபுரம் பக்கம். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பெயரை மாற்ற முடியாது, வியாழக்கிழமை தவறாமல் வந்து நடுப்பாதை ஓரமாக உட்காருங்கள் என்றார். ஆறுதல் சொல்கிறாராம்.

பூசைக்கே வரப் போவதில்லை என்று வீட்டில் சொன்னேன். என் மனைவி அமலோற்பவம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“பூசை ஆண்டவருக்கா, உங்க காலுக்கா?”

போனேன். ஆனால் காலைக் கழுவவில்லை. செடிக்குத் தண்ணீர் விட்ட சேற்றுக் காலோடு அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். யார் பார்க்கப் போகிறார்கள்?

பிரசங்கம் முடிந்ததும் சாமியார் பன்னிரண்டு பேரையும் எழுந்து நிற்கச் சொன்னார். ஆளுக்கு ஒரு செம்புத் தண்ணீர், ஒரு தட்டு, ஒரு துண்டு கொடுத்தார்.

“வருஷா வருஷம் நான் கழுவுறேன், நீங்க பார்க்குறீங்க. அப்ப வழிபாடு எனக்கு மட்டும்தானே நடக்குது? இந்த வருஷம் நான் பார்க்குறேன். இந்தப் பன்னிரண்டு பேரும் அவங்கவங்களோட பேச்சு இல்லாத ஆள்கிட்ட போங்க. யார் மேல தப்புன்னு யோசிக்காதீங்க. குனிஞ்சு கழுவுங்க.”

பன்னிரண்டு பேரும் செம்போடு கிளம்பினார்கள்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இன்னாசி யார் காலில் விழப் போகிறார், பார்த்துவிடலாம். அவருக்கு ஆகாதவர்கள் யார் யார் என்று விரல் மடக்கப் பார்த்தேன். ஒரு விரல்கூட மடங்கவில்லை. வழியில் போகிறவரையும் நிறுத்தி வைத்துப் பேசுகிற ஆள் அவர். அவரோடு பேசாதது...

நிமிர்ந்து பார்த்தேன். நடுப்பாதையில் செம்போடு என்னை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தார்.

முழங்கால் வலிக்காரர். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

“அழுக்கா இருக்கு” என்றேன். ஒன்பது வருஷத்தில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

“தண்ணி இருக்கு அண்ணே.”

விரல் இடுக்கில் ஒட்டியிருந்த சேற்றைக்கூட விடவில்லை. தட்டில் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. துண்டால் துடைத்தபடியே, அன்றைக்குப் பந்தியில் வாய்க்கொழுப்பில் சொல்லிவிட்டதாகவும், மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை என் வீட்டு வாசல் வரை வந்து திரும்பியதாகவும் சொன்னார்.

ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

“என் பேரை எதுக்கு எடுத்தீங்க?”

இன்னாசி தயங்கினார். பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“முதல்ல உங்க பேரைத்தான் கொடுத்தேன். சாமியார் விஷயத்தைச் சொன்னதும் பயந்துட்டேன். எனக்குப் பேச்சு இல்லாத ஆள் ஒருத்தர்தான். உங்களுக்கு இந்த ஒரு செம்புத் தண்ணி பத்தாதே அண்ணே.”

குரலைத் தாழ்த்தி என்ன பயன்? முன் பெஞ்சில் இருந்தவர் தோள் குலுங்கச் சிரித்தார். கோபம் வர வேண்டிய நேரம்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கையைக் கொடுத்து இன்னாசியை எழுப்பிவிட்டேன். அவர் கையிலிருந்த செம்பை வாங்கிக் குலுக்கினேன். அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது.

இரண்டு வரிசைக்கு முன்னால் என் கூடப் பிறந்த தம்பி சந்தியாகு உட்கார்ந்திருந்தான். அப்பாவின் அடக்கத்துக்குப் பிறகு, ஆறு வருஷமாக அவன் வீட்டுப் பக்கம் நான் போனதில்லை.

செம்போடு எழுந்தேன். சந்தியாகு திரும்பிப் பார்த்தான். வேட்டியைக் கணுக்காலுக்கு மேல் மெதுவாகத் தூக்கிக்கொண்டான்.