அண்ணாந்தம்மா

"இருபத்தொண்ணுதான் இருக்கு. யாருப்பா குறையுது?"

கேட்டாரே தவிர, குறைவது யாரென்று கைடுக்குத் தெரியும். காலையிலிருந்து ஒரே ஆள்தான்.

ஒண்டி ஆளாக டூருக்கு வந்திருந்த அந்த அம்மா. கோட்டை வாசல், ஆயுதசாலை, அந்தப்புரம் என்று போன இடத்திலெல்லாம் மற்றவர்கள் சுவரைப் பார்த்தால், இவர் கழுத்து வலிக்க மேற்கூரையைப் பார்ப்பார். கைடு அவருக்கு 'அண்ணாந்தம்மா' என்று பட்டம் சூட்டியிருந்தார். யார் பெயரையும் அவர் கேட்டுவைத்துக்கொள்வதில்லை, பட்டம்தான். தொப்பிக்காரர், கேள்வி மன்னன், அண்ணாந்தம்மா. சில பட்டம் மனசோடு நிற்கும், சில வாய்க்கும் வந்துவிடும். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் எல்லாம் மறந்துபோகும்.

எட்டு வருஷமாக அதே அரண்மனை, அதே ராஜா, அதே ஜோக். ராஜாவே ஒரு தடவைதான் செத்தார். கைடு அவரை வாரத்துக்கு மூன்று தடவை சாகடிக்க வேண்டியிருந்தது. தொண்டை கட்டிவிட்டது, குதிகால் விண்விண்ணென்று தெறித்தது. இன்றைக்கு நடந்த ஒரே அதிசயம், வாசலில் சிடுமூஞ்சி வாட்ச்மேன் வாய் நிறையச் சிரித்ததுதான். தனக்குத்தான் என்று கைடும் தலையாட்டி வைத்தார்.

கூட்டத்தை வெளியே நிறுத்திவிட்டு, மறுபடி தர்பார் மண்டபத்துக்குள் போனார். அண்ணாந்தம்மா ஒரு தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். கண் மேலே இருந்தது.

"அம்மா, அஞ்சரைக்கு வாசலைப் பூட்டிடுவாங்க. எழுந்திரிங்க."

"மேல எவ்வளவு பறவை வரைஞ்சிருக்காங்க தம்பி! நாப்பத்தாறு வரைக்கும் எண்ணினேன், நீங்க கூப்பிட்டதுல விட்டுப்போச்சு."

"பறவையை எண்ணிட்டிருந்தா பஸ் பறந்துடும்மா."

"ஒரே ஒரு போட்டோ எடுத்துடுங்க. காலையிலேருந்து கேக்கறேன், அடுத்த இடத்துல, அடுத்த இடத்துலன்னு இழுத்தடிக்கிறீங்க. இதுதான் கடைசி இடம். டிக்கெட் எடுத்துக் கொடுத்தது எம் பொண்ணு. அந்த மண்டபத்துல நீ நிக்கிற போட்டோ இல்லாம வீட்டுக்கு வராதேன்னு சொல்லி அனுப்பியிருக்கா."

கைடுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தொப்பிக்காரர் குடும்பத்துக்கு மட்டும் பத்துப் படம் எடுத்துக் கொடுத்திருந்தார்.

"கொடுங்க போனை. சீக்கிரம் போய் நில்லுங்க."

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், கேள்வி மன்னன் போட்டுவிட்டுப் போயிருந்த சாக்லெட் காகிதத்தைப் பொறுக்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா? அதுக்கு ஆள் இருக்காங்க."

அவர் சிரித்தார். பிறகு போய், தூணை ஒட்டி, பாதி உடம்பு மறைகிற மாதிரி நின்றார்.

"அங்க இல்லம்மா, நடுவுல வாங்க. ராஜா உட்கார்ந்த மேடைக்கு முன்னாடி."

ஓர் அடி வந்தார்.

"இன்னும் வாங்க. அப்படி ஒதுங்கி நின்னா தூண்தான் தெரியும். உங்க பொண்ணு என்னைத்தான் திட்டுவா."

அரை அடி வந்து நின்றுவிட்டார். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. கைடுக்கு எரிச்சல் எட்டிப் பார்த்தது.

"என்னம்மா, நடுவுல வந்து நிக்க என்ன தயக்கம்?"

"கால் வரமாட்டேங்குது தம்பி." குரலில் கோபமே இல்லை. "குனிஞ்சே பழகிட்டேன், மேல பறவை இருக்கறதே இன்னிக்குத்தான் தெரியும். மூக்குல துணி கட்டியிருப்பேன், அதான் உங்களுக்கு அடையாளம் தெரியல. நீங்க கூட்டத்தோட வர்றப்பல்லாம் இதே இடத்துல நின்னு சொல்வீங்களே, 'துடைப்பக்கா, ஓரமாப் போங்க, போட்டோவுல விழறீங்க'ன்னு?"