விகாரையில் சாப்பாடு கொடுத்தவர்

“உங்கட அவர் தாய்லாந்துக்காரற்ற விகாரையில நிண்டு சாப்பாடு குடுக்கிறார் அக்கா. என்ர கண்ணால கண்டனான்.”

சென் ஜேம்ஸ் ரவுண் கட்டடத்து லிஃப்ற்றுக்குள் வைத்துத்தான் பக்கத்து வீட்டு வேரோனிக்கா இதைச் சொன்னாள். இலவசச் சாப்பாடு கொடுக்கிற இடத்துக்குத் தான் எதற்காகப் போனாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

“எங்கட இவரோ? அவருக்கு ஞாயிறிலயும் ரெஸ்ரோறன்ற்றில ஓவர்ரைம் எல்லோ?” என்றாள் பாலேஸ்வரி.

“என்ன ஓவர்ரைம்! இப்பவும் அங்கதான் நிக்கிறார். சாப்பாடு வாங்கிற ஆக்களை எல்லாம் கையெடுத்துக் கும்பிடுறார். பக்கத்தில காவி உடுத்த பிக்குமார் வேற.”

பாலேஸ்வரிக்கு உச்சி கொதித்தது.

ஊரில் சண்டை முடிந்துவிட்டதென்று உலகமே சொல்லி ஒரு மாதமாகிறது. அவள் தூக்கி வளர்த்த தம்பி நிதுசன் முள்ளிவாய்க்காலுக்குள் இருந்தவன். எப்படியும் முகாமுக்கு வந்திருப்பான், இன்றைக்கோ நாளைக்கோ போன் எடுப்பான் என்று அவள் சாப்பாடு, நித்திரை இல்லாமல் கிடக்கிறாள். கட்டின மனுசனுக்கு விகாரையில் தொண்டு செய்ய இதுதானா நேரம்? அங்கே இராணுவத்துக்குப் பிரித் மந்திரம் ஓதி, கையில் நூல் கட்டி அனுப்பியதும் இதே காவிதானே!

போட்டிருந்த சட்டையோடு பஸ் ஏறினாள்.

விகாரை முற்றத்தில் வரிசையாக மேசைகள். சூப், நூடில்ஸ், பழம். கடைசி மேசையில் கரண்டியும் கையுமாகச் சிவபாதம். ஊர்க் கோவிலில்கூட வேண்டாவெறுப்பாகக் கும்பிடுகிற மனுசன், தட்டை வாங்கிய வீதியோரத்துக் கிழவரைக் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு வெக்கமில்லையோ?”

சிவபாதம் விறைத்துப் போனார். அவசரமாகச் சட்டியை மூடினார்.

“நீர் ஏன் இஞ்ச வந்தனீர்? வீட்டை போம். நான் பின்னால வாறன்.”

“தம்பி இருக்கிறானோ இல்லையோ எண்டு நான் துடிச்சுக்கொண்டு கிடக்கிறன். நீங்கள் இவையளுக்குச் சோறு போடுறியளோ?”

பக்கத்து மேசையில் சூப் ஊற்றிக்கொண்டிருந்த அவருடைய ரெஸ்ரோறன்ற் முதலாளியம்மா, நொக் என்பவள், ஓடி வந்தாள். தாய்லாந்துக்காரி. நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னாள்.

“கோபிக்காதே. நான்தான் கூட்டி வந்தேன். பாவம், சமையலறையில் தனியே நின்று அழுதார். வீட்டில் அழ முடியாதாம்.”

“ஏன் அழ வேண்டும்?”

“எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. செத்தவருக்கு என்ன சாப்பாடு பிடிக்குமோ அதைச் சமைத்து, வருகிற எல்லோருக்கும் கொடுப்போம். அந்தப் புண்ணியம் அவரைப் போய்ச் சேரும். வாங்கிச் சாப்பிடுகிறவர்தான் நமக்கு உதவி செய்கிறவர், அதனால் அவரைக் கும்பிடுவோம். இந்தச் சூப் என் அம்மாவுக்கு.”

பாலேஸ்வரியின் கோபம் சற்று இறங்கியது. சிவபாதத்தின் தாய் போன வருசம்தான் ஊரில் கண்ணை மூடினவ. மகன் போய்க் கொள்ளி வைக்கவும் வழியில்லாமல் போனது. அந்தக் கவலைதானாக்கும், பாவம் மனுசன். தாய்க்கு அழுவதற்குப் பெண்சாதியிடம் என்ன ஒளிப்பு?

“மாமிக்கோ செய்யிறியள்? என்னட்டச் சொல்லியிருந்தா நானும் வந்து சமைச்சிருப்பன் எல்லோ? விடுங்கோ, நான் போட்டுக் குடுக்கிறன்.”

“வேண்டாமப்பா. திறக்காதையும்.”

சிவபாதத்தின் கை மூடியை அழுத்திப் பிடித்திருந்தது. கண் கலங்கியிருந்தது. அவள் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு மூடியைத் தூக்கினாள்.

உள்ளே புட்டு. மாம்பழத் துண்டுகள் போட்டுப் பிசைந்த புட்டு. அதற்கு மேலே, யாருமே சேர்க்காத நெத்தலிப் பொரியல்.

மாம்பழப் புட்டுக்கு நெத்தலிப் பொரியலைச் சேர்த்துத் தின்கிற ஆள் அவள் அறிய இந்த உலகத்தில் ஒரே ஒருவன்தான். அவனுடைய போனுக்குத்தான் ஒரு மாதமாக அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.