கடுகளவு சிவப்பு

ஆயுத அறையின் இருட்டில் அந்தப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

அவள் பார்த்துவிட்டாள்.

சுகிர்தாவின் பிஸ்டல். அதன் தலையில் பொருத்திய சின்னக் கண்ணாடிக்குள் கடுகளவு சிவப்பு. அந்தப் புள்ளியை இலக்கின்மேல் வைத்துச் சுட்டால் போதும். தன்னைப் போலக் குழல் நுனியின் இரும்பு முனையில் குறி பார்த்து மாரடிக்க வேண்டியதில்லை.

பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் அணையும். லேசாகத் தட்டினால் மங்கும், அவ்வளவுதான். மைதானத்து வெயிலில் மங்கியதும் அணைந்ததும் ஒன்றுபோலத்தான் தெரியும். சுகிர்தா தட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

இதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. சுகிர்தா அதைப் புரட்டியதுகூட இல்லை. தனக்குக் கிடைக்காத பிஸ்டலின் கையேட்டை அவள் மூன்று முறை படித்திருந்தாள்.

மாவட்டத்துக்கு வந்தது ஒன்றே ஒன்று. ஒன்பது வருடமாகப் போலீஸ் அணிக்குச் சுடுகிறவள் இங்கே நிற்க, இன்ஸ்பெக்டர் அதை நேற்று வந்தவள் கையில் கொடுத்தார்.

"சின்னப் புள்ள, பழகட்டும்மா."

வயிறு எரிந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று சொல்லித் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. சுகிர்தாவின் சட்டி நிறைந்துதான் இருந்தது; நன்றாகவே சுடுவாள். அதனால் இன்னும் எரிந்தது.

இன்று வெள்ளி. திங்கட்கிழமை தேர்வு. தேசியப் போட்டிக்குப் போகிற அணியில் ஒரே ஓர் இடம்.

அந்தக் கண்ணாடி மட்ட ரகம். இப்படியே எரிந்தால் மூன்று நாளில் பேட்டரியைக் குடித்துவிடும்.

பொத்தானுக்கும் அவள் விரலுக்கும் ஒரு சாண் தூரம்.

என் பிஸ்டலா, என்ன.

கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை, பதினான்காவது குண்டுக்கு முன் சுகிர்தா கையைத் தாழ்த்தினாள். கண்ணாடியைத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள்.

அந்தப் பிஸ்டலில் வேறு குறி கிடையாது. கோளாறு என்று கை தூக்கினால் மூன்று நிமிடம் தருவார்கள். அதற்குள் சரியாகாவிட்டால் மிச்சக் குண்டெல்லாம் பூஜ்யம்.

சுகிர்தா கை தூக்கினாள். பிறகு பக்கத்து மேசையருகே நின்ற அவளைப் பார்த்தாள்.

"பேட்டரி போயிருச்சுக்கா. ஸ்டோர்ல கேட்டு ரெண்டு மாசமாச்சு, தரவே இல்ல."

உங்களிடம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. இரும்பு முனையில் சுடுகிறவளிடம் பேட்டரி எதற்கு இருக்கப்போகிறது?

இருந்தது.

அடுத்த பிஸ்டல் தனக்குத்தான் வரும் என்று நம்பி, வாட்ச் கடையில் வாங்கியது. நாலு மாதமாகச் சட்டைப்பையில் சுமக்கிறாள். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

சுகிர்தாவின் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

"இங்க வை," என்றாள்.

சுகிர்தா குண்டுகளை நீக்கிவிட்டுப் பிஸ்டலை மேசைமேல் வைத்தாள். நடுவர் தலையசைத்தார்.

அவள் மூடியைத் திருகினாள். பழையதை எடுத்துப் புதியதைப் போட்டாள். விரல்கள் தடுமாறவே இல்லை.

புள்ளி வந்தது.

சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் தூக்கினாள். புள்ளி நேரே போய் இலக்கின் நடுவில் உட்கார்ந்தது. ஒன்பது வருடத்தில் ஒருநாளும் அவள் குறி அப்படி அசையாமல் நின்றதில்லை.

"அக்கா," என்றாள் சுகிர்தா.

மூன்று நிமிடத்தில் இன்னும் ஒரு நிமிடம் இருந்தது.

அவள் கையை இறக்கவில்லை.