கீழே ஓடும் எழுத்து

திரையில் அவள் வாயைத் திறந்தாள்.

சோபாவில் உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

காதை மூட முடியவில்லை.

"அவனைக் கர்த்தர் கையில விட்டுட்டேன்."

அவள் குரல்தான். கோர்ட்டில், மகனைச் சுட்டவனைப் பார்த்து அவள் சொன்னதுதான். கண்ணைத் திறந்தபோது கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

உன்னை மன்னிக்கிறேன்.

இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். இந்த ஒரு வார்த்தையை மட்டும் கூட்ட வேண்டியதில்லை. இரண்டு வருஷமாக வாழ்த்து அட்டையிலும் சர்ச் பேனரிலும் பார்த்துப் பார்த்துப் புளித்துவிட்டது.

கோர்ட்டில் மொழிபெயர்க்க வந்தவர் தமிழர்தான். நல்ல மனிதர். கண் கலங்கிப்போய்த்தான் சொன்னார். ஆனால் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். விட்டுட்டேன் என்றால், போகட்டும் என்று விட்டுவிட்டாள் என்பதுதான் அவருக்குத் தெரிந்த தமிழ்.

திருநெல்வேலிப் பக்கம் அப்படி இல்லை. வரப்பை நகர்த்திப் போட்ட பக்கத்து வயல்காரனைப் பார்த்து அவள் மாமியார் இதையேதான் சொன்னாள். அவன் அரண்டுபோய், பொழுது சாய்வதற்குள் வரப்பைப் பழைய இடத்திலேயே வெட்டி வைத்தான். நான் கை வைக்கமாட்டேன், அவர் வைப்பார் என்று அதற்கு அர்த்தம்.

மகள் பியூலாவுக்கு அது தெரியும். கோர்ட்டில் பக்கத்தில்தான் இருந்தாள். இல்லை, அவங்க சொன்னது அது இல்லை என்று எழுந்து சொல்வதற்குள் நீதிபதியே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மகன் ஜெபசிங், பெட்ரோல் பங்க் கடையில் கல்லாவில் நின்றவன். ஒருத்தன் உள்ளே வந்தான். தோலின் நிறத்தைப் பார்த்தான். உன் நாட்டுக்குப் போ என்று கத்தினான். சுட்டான்.

அவனை மன்னிப்பதா?

ஆனால் மன்னித்தவளைத் தேடி உலகமே வந்துவிட்டது. பாஸ்டர் அதை வைத்தே பிரசங்கம் செய்தார். அரிசி வாங்கப் போன கடையில் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரி கட்டிக்கொண்டு அழுதாள். இவள் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். மன்னித்தவள் அழலாம். பல்லைக் கடிக்க முடியாது.

கடைசியில் ஜெபத்தில்கூட நடிக்க வேண்டியதாகிவிட்டது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும். இந்த வழக்கை ஆவணப்படமாக எடுத்த பெண் வீட்டுக்கே கொண்டுவந்து போட்டுக் காட்டுகிறாள். ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், அடுத்த வாரம் வெளியே போய்விடும் என்றிருக்கிறாள். மன்னிக்கிறேன் என்ற அந்த வார்த்தையை எடுக்கச் சொல்வதாகப் பியூலா நேற்றே ஒத்துக்கொண்டாள். அரை மனதாகத்தான்.

படம் ஓடியது.

ஒரு சமையலறை. ஒல்லியாக, நரைத்துப்போன பெண் ஒருத்தி, கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் ஏதோ சொன்னாள்.

"யாரு இது?"

பியூலா தயங்கினாள். "அவனோட அம்மா."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கோர்ட்டில் இந்தப் பெண்ணைப் பார்த்த ஞாபகமே இல்லை. கடைசி வரிசையில் எங்கேயாவது ஒடுங்கிக் கிடந்திருப்பாள்.

"என்ன சொல்லுதா?"

"வீட்டுச் சுவத்துல கண்டதையும் எழுதிட்டுப் போறாங்களாம். கூடப்பிறந்த தங்கச்சிகூடப் பேசுறது இல்லையாம்." பியூலா கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க கோர்ட்டுல சொன்ன அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தினமும் காலையில எந்திரிக்காங்களாம், எம்மா."

நல்லா வேணும் என்றுதான் முதலில் தோன்றியது. பெற்று வளர்த்த லட்சணம் அப்படி. எழுந்திருக்காமலே கிடக்கட்டும்.

திரையில் அந்தப் பெண் குழாயை மூடினாள். கை துடைக்கத் துணி தேடினாள். கிடைக்கவில்லை. ஈரக் கையோடு நின்றாள். கேமராவும் அவளை விட்டு நகரவில்லை.

அவளுக்குக் கீழே எழுத்து வந்து நின்றது. சோபாவில் இருந்தவள் கூட்டிப் பார்த்தாள். வரவில்லை.

"அது என்ன போட்டிருக்கு?"

"கொலைகாரனோட அம்மா."

"எனக்கு என்ன போட்டிருந்துச்சு?"

"உங்க பேருதான்."



படம் முடிந்தது. பியூலா எழுந்து திரைச்சீலையை விலக்கினாள். படம் எடுத்த பெண் அருகில் வந்து, முழங்காலிட்டு உட்கார்ந்து, மெதுவாக ஏதோ கேட்டாள்.

"மாத்தணுமான்னு கேக்காங்க," என்றாள் பியூலா. "சொல்லிரவா, எம்மா?"

கோபம் போகவில்லை. நெஞ்சுக்குள் அப்படியேதான் கிடந்தது. மகன் அந்தக் கடைத் தரையில் தனியாகக் கிடந்து செத்தான். பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லை. சுட்டவனைப் பற்றிச் சொன்னது சொன்னதுதான். கர்த்தரும் தமிழ் தெரியாதவர் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு மாத்தணும்னு சொல்லு."

பியூலா மூச்சை இழுத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தாள்.

அவள் மகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்தப் பொம்பளைக்கும் ஒரு பேரு இருக்கும்லா. கேட்டு, அதைப் போடச் சொல்லு."