சத்தமான படமா வேணும்

"இருக்கிறதிலேயே சத்தம் ஜாஸ்தியான படம் எதுங்க?"

டிக்கெட் கவுன்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே காக்கி உடுப்போடு ஒரு பஸ் கண்டக்டர் பெண். அவள் விரலைப் பிடித்துக்கொண்டு ஆறு வயசுச் சிறுமி.

"என்ன கேட்டீங்க?"

"சத்தம்மா, சத்தம். காதைப் பிளக்கணும்."

"குழந்தையோட வந்திருக்கீங்க. ரெண்டாவது ஸ்க்ரீன்ல ஒரு படம் ஓடுது, பாருங்களேன். அப்பா, பொண்ணு கதை. பார்க்கிறவங்க எல்லாம் கண்ணைத் துடைச்சுக்கிட்டே வெளியே வர்றாங்க. டிக்கெட்டும் மலிவு."

"அதுல சத்தம் எப்படி?"

"பூனை நடந்தாக்கூடக் கேக்கும். அவ்வளவு அமைதியான படம்."

"அப்ப அது வேண்டாம்."

கவுன்டர் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப மொத ஸ்க்ரீன்தான். இன்னைக்கு ரிலீஸ். கதையை மட்டும் கேக்காதீங்க, யாருக்கும் தெரியாது. ஹீரோ சும்மா நடந்து வந்தாலே இடி இடிக்கும். ஆனா விலை ரெண்டு மடங்கு. புது ஸ்பீக்கர் போட்டிருக்காங்க, தரையே அதிருது."

"அதுலயே ரெண்டு குடுங்க. ஸ்பீக்கரை ஒட்டின மாதிரி சீட்டா இருக்கட்டும்."

"அது யாருமே கேக்காத சீட்டுங்க! சத்தத்துக்காக டிக்கெட் வாங்கின ஆளை நான் இப்பத்தான் பாக்கறேன்."

"நானும் டிக்கெட் குடுக்கிறவதான். எஞ்சின் பக்கத்து சீட்டுக்குச் சண்டை போடுறவங்களும் இருக்காங்க," என்றாள் கண்டக்டர்.

"பாப்பாவுக்கு எந்த ஹீரோ புடிக்கும்?"

சிறுமி அவள் பக்கம் திரும்பவே இல்லை. எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் துள்ளிக்கொண்டிருந்த பாப்கார்னிலேயே கண்ணாக இருந்தாள்.

"அவ அப்படித்தான்," என்று சொல்லிவிட்டு, அம்மா அவளை அழைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

உள்ளே நுழைவதற்குள் போன் அடித்தது. கணவன். அவன் வேலை பார்க்கும் அச்சகத்தின் எந்திர இரைச்சல் பின்னால் கேட்டது.

"டிக்கெட் எடுத்துட்டியா?"

"எடுத்தாச்சுங்க."

"சொன்னா கேக்க மாட்டியே. ஒவ்வொரு தடவையும் மலை மாதிரி நம்பிக்கிட்டுப் போற. அப்புறம் ஒண்ணுமில்லைன்னு ஆனதும் மூலையில உக்காந்து அழற. போன தடவை ரெண்டு நாள் சோறு இறங்கல உனக்கு."

"இந்தத் தடவை அப்படி ஆகாதுங்க."

"போன தடவையும் இதையேதான் சொன்ன." அவன் குரல் தணிந்தது. "சரி, பாத்துட்டுச் சொல்லு."

ஹீரோ படம் போட்ட பனியனோடு பக்கத்தில் நின்றிருந்த இளைஞனின் காதில் அவள் பேசியது விழுந்துவிட்டது. "கவலையே படாதீங்கக்கா! இந்தத் தடவை தலைவர் ஏமாத்த மாட்டாரு. கூரை பிச்சுக்கிட்டுப் போகும் பாருங்க!"

"உன் வாக்குப் பலிக்கட்டும் தம்பி," என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. 'நம்மை மிஞ்சின ரசிகையா இருப்பாங்க போல' என்று அவன் மெச்சிக்கொண்டான்.

உள்ளே, பக்கத்துச் சீட்டில் வழுக்கைத் தலையோடு ஒருவர், கையில் பஞ்சு உருண்டையுடன் உட்கார்ந்திருந்தார்.

"எந்தப் படம் வந்தாலும் மொத நாளே பாத்துடுவேன். பாத்துட்டு ஒரு வாரம் திட்டுவேன். அதுல ஒரு சந்தோஷம்," என்றவர், பஞ்சைப் பிய்த்துத் தன் காதுகளில் அடைத்துக்கொண்டார். "அனுபவம்மா! இந்தாங்க, பாப்பா காதுலயும் கொஞ்சம் வெச்சு விடுங்க."

"வேண்டாம்!" அவள் அவர் கையைத் தள்ளிய வேகத்தில் பஞ்சு கீழே விழுந்தது. "மன்னிச்சுக்கங்க சார். அவளுக்கு வேண்டாம்."

"நல்லதுக்குச் சொன்னா..." என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படம் தொடங்கியது. ஹீரோவின் கால் தெரிந்ததுமே பறை, தாரை, விசில், கைத்தட்டல் எல்லாம் ஒன்றாக வெடித்தன. காகிதத் துண்டுகள் பறந்தன. கண்டக்டர் மட்டும் திரைப் பக்கமே திரும்பவில்லை. அந்த அரையிருட்டில் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிறுமி மடியில் விழுந்த காகிதத் துண்டுகளைப் பொறுக்கி, பாப்கார்ன் பொட்டலத்துக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு சண்டை போனது. ஒரு பாட்டு போனது. வில்லன் ஒரு பக்க வசனத்தை நிறுத்தாமல் பேசினான். அம்மாவின் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்தன. கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், கிளம்பிவிடலாம் என்பதுபோல.

அப்போதுதான் வில்லனின் கிடங்கு வெடித்தது. தரை குலுங்கியது. பாப்கார்ன் சிதறியது. சிறுமி துள்ளி எழுந்து, இரண்டு கைகளாலும் காதை இறுகப் பொத்திக்கொண்டு, வீறிட்டு அழுதாள்.

பஞ்சையும் மீறி அது வழுக்கைக்காரருக்குக் கேட்டுவிட்டது. "நான்தான் அப்பவே சொன்னேனே! பச்சப் புள்ளையை இப்படியா வதைக்கறது? நீயெல்லாம் ஒரு தாயா?"

அவள் மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, பனியன் இளைஞனின் காலை மிதித்து, வெளியே ஓடினாள். பாப்கார்ன் கடைக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கவுன்டர் பெண்ணுக்குப் புரியவில்லை.

கணவனுக்குப் போன் போட்டாள் அவள். "ஏங்க... நாம பண்ணின ஆபரேஷன் வீண் போகலீங்க! பொறந்ததுலேர்ந்து மொத தடவையா, நம்ம பொண்ணு காதைப் பொத்திக்கிட்டா!"