முதல் சவரம் அண்ணனுக்கு

பெஞ்சில் எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி, அந்தச் சலூனில் முதல் சவரம் அண்ணனுக்குத்தான்.

மில்லில் இரவு ஷிப்டு முடித்து, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வருவார். யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். கடை நடத்துகிற அவருடைய கூடப்பிறந்த தம்பி நுரையைக் குழைக்க ஆரம்பிப்பான்.

"நேத்து மழிச்ச இடத்துல இன்னைக்கு என்ன முளைச்சிருக்கப்போகுது? காத்தையா மழிக்கிறே?" என்று ஒருநாள் டாக்சிக்காரர் கேட்டேவிட்டார். ஓசி என்றால் தினம் தாடி வளரும்போல என்று ரிட்டயர்டு வாத்தியார் எடுத்துக்கொடுக்க, பெஞ்சே சிரித்தது. அண்ணன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பிக்கு அந்தப் பார்வைதான் ஆகவில்லை. மற்றவர்களுக்கு நுரை பட்டாலே கண் சொக்கிவிடும். ராத்திரி முழுக்க விழித்த மனுஷன், ஒரு நொடி கண்ணை மூடமாட்டார். குனிந்து மழிக்கும்போது தன் வாய்க்கு எதிரே அவர் மூக்கு. மோந்து பார்க்க வருகிறார், வேறென்ன?

தம்பி குடியை விட்டு நூற்றுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. இதற்கு முந்தின தடவை எண்பது நாள் தாக்குப்பிடித்தான். அப்புறம் ஒரு காலையில், நடுங்குகிற கையோடு ஒருவர் கன்னத்தைக் கிழித்துவிட்டான். அன்றைக்குத்தான் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆறு மாசம் தொடாமல் இருந்து காட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குழந்தைகளுக்கு முடி வெட்ட நாற்காலிக் கைகளின்மேல் போடுகிற பலகை ஒன்று சுவரோரம் சாய்ந்திருக்கும். மகள் அதில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டுவாள். கடை திறந்ததும் அதைத் துடைத்துவிட்டுத்தான் கத்தியைத் தொடுவான்.

இன்றைக்குத் துடைக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் போனில் மகள், முன்பல் விழுந்துவிட்டது என்றாள். பல் இல்லாத அந்தச் சிரிப்பைக் காதால்தான் கேட்க முடிந்தது. போனை வைத்த பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஒரே ஒரு மடக்கு என்றுதான் ஆரம்பித்தான்.

அண்ணன் வந்தார், உட்கார்ந்தார். பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள். இன்றைக்கு வேண்டாம்ணே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று காதோடு சொன்னான். அண்ணன் தாடையை உயர்த்தினார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தியை வைத்தான். கன்னம் இரண்டும் எப்படியோ தப்பின. தொண்டைக்கு இறங்கியதும் கை பேச்சைக் கேட்கவில்லை. வெள்ளை நுரையில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது.

அண்ணன் துண்டை அழுத்திக்கொண்டு எழுந்தார். தூக்கக் கலக்கத்தில் தலையை ஆட்டிவிட்டேன், தப்பு என்னுடையது, தம்பி என்னை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், தயவுபண்ணி நாளைக்கு வாருங்கள் என்று பெஞ்சைப் பார்த்துச் சொன்னார்.

ஓசியில் மழித்துக்கொண்டதும் இல்லாமல் கடையையும் மூட வைத்துவிட்டாரே என்று முணுமுணுத்தபடி வாத்தியார் இறங்கிப் போனார்.

ஷட்டரைப் பாதி இறக்கியதும் தம்பிக்குப் பொறுக்கவில்லை.

"கண்டுபிடிச்சிட்டேல்ல? இதுக்குத்தானே தினமும் வந்து மோந்து பாத்தே? போ, போன் போட்டு அவகிட்ட சொல்லு."

"அதை நீதான் சொல்லணும். நான் பக்கத்துல நிக்கிறேன்." அண்ணன் துண்டைப் பிரித்துப் பார்த்தார். ரத்தம் நின்றிருந்தது. "மோந்து பாக்க நாற்காலி வரைக்கும் வரணுமாடா? வாசல்லயே தெரிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சுமா கழுத்தைக் காட்டினே?"

"போன தடவை வாசல்ல நின்னு வேண்டாம்டான்னு கெஞ்சினேன். என்னைத் தள்ளிட்டுப் போய்க் கத்தியை எடுத்தே."

தம்பி கீழே பார்த்தான். கத்தியை வைத்த பிறகும் அந்தக் கை ஆடிக்கொண்டுதான் இருந்தது. அண்ணன் அதை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டார்.

"இது என்னைக்கு நடுங்கும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நடுங்குற அன்னைக்கு அதுக்குக் கீழ இருக்கிறது என் கழுத்தா இருக்கட்டும்னுதான்டா, தினமும் முதல் ஆளா வந்து உக்கார்றேன்."